தூக்கம் ஸ்டாக் இல்லை

அந்த ஆஸ்பத்திரியில் முழுசாக எட்டு மணி நேரம் தூங்கியவர் ஒருவரையாவது காட்டுங்கள் என்று நீங்கள் கேட்டால், உங்களைப் பிணவறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜுரம் பார்க்க எழுப்பினார்கள். நர்சுகளை எழுப்ப ஒரு அழைப்பு மணி இருந்தது. டாக்டர்களை எழுப்ப மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை, அவர்களைத் தூங்கவிடும் ஏற்பாடு இல்லாததால் அது தேவைப்படவில்லை.

பொது மருத்துவப் பிரிவின் டாக்டரம்மா அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் முப்பதாவது மணி நேரத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘கொட்டாவி டாக்டர்’ என்று பெயர். கொட்டாவி விட்டுக்கொண்டே நாடி பார்ப்பார். கொட்டாவி விட்டுக்கொண்டே “மூச்ச நல்லா இழுங்க” என்பார். எதிரே இருக்கிற நோயாளிக்கும் அது தொற்றி அவரும் வாய் பிளந்து ஒரு கொட்டாவி விடுவார், அந்தச் சாக்கில் நுரையீரல் நன்றாகவே கேட்டுவிடும். மற்றபடி கெட்டிக்காரர். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சீக்கிரமே வீட்டுக்குப் போனபோது, அவருடைய நான்கு வயது மகன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, யாரோ வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தான். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அழுகை வர வேண்டியது, அதற்குள் செருப்பைக் கழற்றாமலே தூங்கிவிட்டார்.

நூற்று நாற்பதாவது சீட்டுக்கு உள்ளே வந்தவர் நகரப் பேருந்து ஓட்டும் டிரைவர். ஐம்பது வயதிருக்கும். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

“சொல்லுங்கண்ணே, என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணலம்மா. ஒரு டானிக் எழுதிக் குடுங்க, போதும்.”

“எதுக்கு டானிக்?”

“போன வாரம் ஒரு திருப்பத்துல கண்ண மூடித் தொறந்தேன். தொறந்து பாத்தா பஸ்ஸு பழக்கடைக்குள்ள நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. ஒரு தர்பூசணி மட்டும்தான்.” கடைசி வாக்கியத்தைத் துக்கம் சொல்ல வந்தவரைப் போலச் சொன்னார்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று எழுபதைத் தாண்டி நின்றது.

“எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?”

“நாலு. சில நாள் மூணு. ஆள் பத்தலன்னு மூணு மாசமா ரெண்டு ஷிப்டும் என் தலையிலதான்.”

“படுத்தா தூக்கம் வருதா?”

“வராம என்னம்மா? அது வந்து வாசல்லயே நிக்குது. உள்ள விடத்தான் நேரமில்ல.”

டாக்டரம்மாவுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினைந்து வருட அனுபவத்தில் தன் வியாதியை இவ்வளவு சரியாகச் சொன்ன நோயாளியை அவர் பார்த்ததில்லை.

ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் டெப்போவில் லீவு வேண்டும் என்றால் இதே ஆஸ்பத்திரியின் சான்றிதழ் வேண்டும், வேறு எந்த டாக்டரின் எழுத்தும் அங்கே செல்லாது. சான்றிதழை அச்சடிப்பது கம்ப்யூட்டர். அதுவோ, வியாதிக்கு ஒரு பெயரும் அதற்கு ஒரு மருந்தும் பதிவாகி, அந்த மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒழிய ஒரு எழுத்துக் கூட அச்சடிக்காது. டாக்டரம்மா வியாதிப் பட்டியலைத் தேடினார். ‘விண்வெளிப் பயணத்தால் வந்த களைப்பு’ இருந்தது. ‘வாத்து கொத்தியது’ இருந்தது, ‘வாத்து கொத்தியது, இரண்டாம் முறை’ தனியாக இருந்தது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை வாங்கப்பட்டது என்று ஒரு வியாதி இல்லை. கடைசியில் ‘இதர’ என்பதை அழுத்திவிட்டு, மருந்துக்கான கட்டத்தில் அவர் கை தானாக எழுதியது:

தூக்கம். எட்டு மணி நேரம். இரவு ஒரு வேளை. ஏழு நாள்.

உணவுக்கு முன்பா, பின்பா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பின்பு என்று போட்டார். அது சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. முப்பது மணி நேரம் விழித்திருப்பவருக்கு அது மிகவும் நியாயமான சீட்டாகத் தெரிந்தது. விழித்திருக்கும் எவருக்கும் அப்படித்தான் தெரியும் என்பது என் கட்சி.

சீட்டு மருந்தகத்துக்குப் போனது. அங்கே இருந்த மருந்தாளர் இருபத்தாறு வருடமாகச் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் கொடுத்து, எழுதாததை மட்டும் கொடுக்காமல் நல்ல பெயர் எடுத்தவர். அலமாரியில் ‘த’ வரிசையில் தேடினார். துத்தநாகத்துக்கும் தேள்கடி மருந்துக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். பிறகு சீட்டில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்: ‘ஸ்டாக் இல்லை.’

“எப்ப வரும்?” என்றார் டிரைவர்.

“மேலிடத்துக்கு எழுதணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“அப்ப சர்ட்டிபிகேட்டு?”

“மருந்து வாங்காதவருக்கு வியாதி இல்லன்னு அர்த்தம்” என்றார் மருந்தாளர். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். டிரைவர் மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நடந்ததைக் கேள்விப்பட்டதும் டாக்டரம்மாவின் கொட்டாவி பாதியில் நின்றது. பதறிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, சீட்டை அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுதப் பார்த்தார். வாத்து கொத்தியது என்று எழுதவும் தயாராகத்தான் இருந்தார். கம்ப்யூட்டர் விடவில்லை. ஒரு மருந்து நிலுவையில் இருக்கும்போது அந்த நோயாளிக்குப் புதிய வியாதி வர அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. பட்டியலில் இல்லாத மருந்தை எழுதியதற்காக மருந்துத் தேர்வுக் கமிட்டியிடமிருந்து ஒரு குறிப்பாணையும் வந்திருந்தது. மருந்தைத் தயாரிப்பவர் யார், எந்த வெப்ப நிலையில் வைக்க வேண்டும், இதைவிட எளிய மாற்று (உதாரணமாக, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது) ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்பதற்கெல்லாம் மறுநாள் காலைக்குள் நேரில் விளக்கம் தர வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. அந்த ஆஸ்பத்திரியில் மெத்தை வைத்த நாற்காலிகள் இருப்பது கமிட்டிக் கூடத்தில் மட்டும்தான். தலைமை நாற்காலியில் இயக்குநர். அவர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பதினோரு வருடம் ஆகிறது, ஆனால் நோயாளிகளைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை. அவருக்கு வலது பக்கம், எல்லாரும் ‘சதவீதம்’ என்று அழைக்கும் ஆராய்ச்சி டாக்டர். காலையில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “எழுபது சதவீதம்” என்று பதில் சொல்லக்கூடியவர். இடது பக்கம் மருந்தாளர், மடியில் இருப்புப் பதிவேட்டோடு.

“டாக்டர், இது என்ன மருந்து?” என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

“மருந்து இல்ல சார். தூக்கம். அந்த டிரைவர் தூங்கணும், அவ்ளோதான். தூங்காம பஸ் ஓட்டிட்டு இருக்கார்.”

“மருந்து இல்லைன்னா மருந்துக் கட்டத்துல ஏன் வந்துச்சு?”

டாக்டரம்மா ஒரு கொட்டாவியை விழுங்கினார். உண்மையில் அது நல்ல கேள்வி.

சதவீதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “இதுக்கு ஆதாரம் இருக்கா?”

“மனுஷங்க ரொம்ப காலமா தூங்கறாங்க சார்.”

“அது பழக்கம். நான் கேக்கறது ஆதாரம்.”

“எத்தனை டிகிரியில வைக்கணும்?” என்றார் மருந்தாளர், பேனாவைத் திறந்து.

“ஏசி இருந்தா நல்லா வரும்” என்று டாக்டரம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார். மருந்தாளர் ‘குளிர்பதனம் அவசியம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

“எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சுல ஏத்தறதா?” இயக்குநருக்கு அந்த நினைப்பே மயிர்க்கூச்செறிய வைத்தது. “உடம்பு தாங்குமா? அரை அரை மணியா உடைச்சு பதினாறு நாளைக்குக் குடுங்க. இந்தக் காலத்து டாக்டர்கள் எதை எடுத்தாலும் அளவுக்கு மீறி எழுதறீங்க. கிருமிக்கு மருந்து எழுதி எழுதி, இப்ப எந்தக் கிருமியும் எந்த மருந்தையும் மதிக்கறதில்ல. இதுவும் அப்படித்தான் ஆகும். ஒரு நாள் குடுத்தா உடம்பு மறுநாளும் கேக்கும்.”

“தினமும் கேக்கத்தான் செய்யும் சார்.”

“பாத்தீங்களா!” இயக்குநர் மேசையைத் தட்டினார். “அடிமைப்படுத்தற மருந்து!”

மருந்தாளர் ‘போதைப் பிரிவு, இரட்டைப் பூட்டு’ என்று எழுதினார்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பஸ்ஸைப் பற்றி இந்த அறையில் தன்னைத் தவிர யாரும் நினைக்கவில்லை என்பது டாக்டரம்மாவுக்கு மெல்ல உறைத்தது. “சார், இந்த ஊர்ல களைச்சுப் போனவங்க டிரைவர் மட்டும் இல்ல” என்று தொடங்கினார்.

“களைப்பு பத்தி எனக்கா சொல்றீங்க?” இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்தால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. “டாக்டர்களோட களைப்புக்காக இந்த ஒரே வருஷத்துல பத்தொன்பது கருத்தரங்கு நடத்திருக்கேன். எல்லாம் டூட்டி முடிஞ்ச பிறகு. ஏன்? டூட்டி நேரத்துல வெச்சா நீங்க களைச்சுப் போவீங்க. போன வருஷம் ‘களைப்பில்லா மருத்துவர்’ திட்டம் கொண்டு வந்தது யாரு? நான். தினமும் காலையில நாலு மணிக்கு உங்க போனுக்கு நாப்பது கேள்வி வருதா இல்லையா? முதல் கேள்வியே ‘நன்றாகத் தூங்கினீர்களா?’ தூங்கிட்டு இருக்கறவங்களக்கூட விடாம எழுப்பிக் கேக்குது, அவ்ளோ துல்லியம்! நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷம். இந்த ஆஸ்பத்திரியில டூட்டியில யாராவது தூங்கினாங்கன்னு ஒரு புகார், ஒரே ஒரு புகார் உண்டா? தூங்கறதுக்கு நான் விட்டாத்தானே!”

சதவீதமும் மருந்தாளரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் டாக்டரம்மா கண் விழித்தார்.

முடிவில், மருந்தைச் சோதனை முறையில் ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானமானது. ஒப்பிட்டுப் பார்க்க, அந்த மருந்தே கிடைக்காத ஒரு கூட்டமும் வேண்டும் என்றார் சதவீதம், அப்படிப்பட்ட ஆட்களை எங்கே பிடிப்பது என்று கவலையும் பட்டார்.

“அதுக்கு நம்ம டாக்டர்ங்க இருக்காங்களே!” என்றார் இயக்குநர் பெருமையோடு.

முதலில் அப்படி ஒரு நோயாளி உண்மையிலேயே இருக்கிறாரா என்று கமிட்டி கண்ணால் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவரை அழைத்து வரச் சொல்லிக் கலைந்தார்கள். முதல் டோஸ் எப்போது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, டெண்டர் முடிந்ததும் என்று பதில் வந்தது. தூக்கத்தை மாத்திரை வடிவில், ஸ்ட்ராபெரி வாசனையோடு தருவதாக ஒரு கம்பெனி அதற்குள் எழுதியும் விட்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் டிரைவர் போன் பண்ணினார்.

“டாக்டரம்மா, மருந்து வந்துச்சா?”

“இன்னும் இல்லண்ணே. வண்டி ஓட்டறீங்களா?”

“ஓட்டறேன். கண்டக்டர் ரெண்டு ஸ்டாப்புக்கு ஒரு தடவ பிடரியில கிள்ளுறான். முன் சீட்டுல ஒரு பெரியவர் வாய்ப்பாடு கேக்கறார், பதினேழாம் வாய்ப்பாடு. அதெல்லாம் சமாளிச்சுட்டேன். ஆனா காலையில ஒரு தபால் பெட்டிக்கு வண்டிய நிறுத்திட்டேம்மா. சேப்புச் சட்ட போட்டுக்கிட்டு நிக்குதே, ஏறுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். ஏறல. திட்டிட்டு வந்துட்டேன்.”

டாக்டரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிரைவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் இறங்கியது.

“வெள்ளிக்கிழமையிலேந்து ஸ்கூல் வண்டி போட்டுருக்காங்கம்மா. அறுவது பிள்ளைங்க. ஆத்துப் பாலத்து மேல போகணும். நான் முடியாதுன்னு சொன்னேன். சர்ட்டிபிகேட்டு கொண்டா, இல்லன்னா ஓட்டுங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா.”

“நாளைக்குக் காலையில வந்துடுங்கண்ணே. எப்படியாவது பண்றேன்” என்றார் டாக்டரம்மா. என்ன பண்ணப் போகிறார் என்று அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. போனை வைத்த பிறகும் அந்த அறுபது பிள்ளைகளும் அவர் கண்ணுக்குள் ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வியாழக்கிழமை டிரைவர் இரவு ஷிப்டு முடித்த காக்கி உடுப்பிலேயே வந்தார். இரண்டு மணிக்கு ஷிப்டு. அவரைக் கமிட்டிக் கூடத்தில் மெத்தை நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர் உடம்பு பார்த்த முதல் மெத்தை அது. மருந்தாளர் அவரைச் சுற்றி வந்து, ஒரு நோயாளி, காக்கி, நல்ல நிலையில் உள்ளது என்று குறித்துக்கொண்டார். சதவீதம் எல்லாருக்கும் ஆளுக்கொரு தடித்த புத்தகம் கொடுத்தார். மருந்துச் சோதனைக்கான விதிகளாம். புதிதாக எழுத நேரம் இல்லாததால், வேறு ஏதோ ஊசி மருந்துக்காக எழுதி இயக்குநர் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்த விதிகளில் ‘ஊசி’ என்ற இடத்தில் எல்லாம் ‘தூக்கம்’ என்று மாற்றி அச்சடித்திருந்தார். தூக்கத்தை இடது பிட்டத்தில் ஆழமாகச் செலுத்தவும் என்றது ஏழாம் விதி. தூக்கம் கீழே விழுந்து உடைந்தால் கையுறை அணிந்து பெருக்கவும் என்றது எட்டாம் விதி.

இயக்குநர் எழுந்தார். “தூக்கம் என்பது…” என்று தொடங்கினார். மனித குலத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவை ஆதியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். ஏசி மெல்ல உறுமியது. நான்காவது நிமிடம் அந்தக் கூடத்தில் இயக்குநரின் குரலோடு இன்னொரு குரலும் கேட்டது. மலையேறும் லாரி மாதிரி ஒரே சீரான குறட்டை. டிரைவரின் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்திருந்தது.

மருந்தாளர் துள்ளி எழுந்தார். “சார்! அனுமதி இல்லாத மருந்து! வரவு வெக்காம எடுத்துட்டார் சார்!”

“இந்தக் கூடத்துலயா! என் கண்ணு முன்னாடியா!” என்றார் இயக்குநர். “எழுப்புங்க அந்த ஆள!”

சதவீதம் எட்டி டிரைவரின் தோளில் கை வைக்கப் போனார்.

“தொடாதீங்க!” என்றார் டாக்டரம்மா.

அவருக்கே அது யார் குரல் என்று ஒரு நொடி புரியவில்லை. கையில் அந்த விதிப் புத்தகம் திறந்திருந்தது. தூங்கிவிடாமல் இருக்க வேண்டும் என்று எதையாவது படித்துக்கொண்டிருந்தவர், பதினான்காம் விதியில் வந்து நின்றிருந்தார். அதை இப்போது கிசுகிசுப்பாக, ஆனால் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

“‘தூக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்துபவர் படிவம் ஒன்பதைத் தன் கையால் ஐந்து பிரதிகள் நிரப்பித் தர வேண்டும். விசாரணை முடியும்வரை அவர் பதவியிலிருந்து விலகி இருக்க வேண்டும்.’ கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்.”

சதவீதத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு அது மிகவும் பத்திரமாக, ஒரு முட்டையைத் திரும்ப வைப்பது போலத் தன் மடிக்கே திரும்பியது.

“சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்றார் இயக்குநர்.

“நோயாளி இருக்கார். மருந்து ஏறுது. கமிட்டி பாத்துட்டு இருக்கு. இதுக்கு மேல என்ன சார் ஆரம்பிக்கணும்?”

“ராத்திரி ஒரு வேளைன்னு எழுதியிருக்கு. இப்ப பகல்” என்றார் மருந்தாளர்.

டாக்டரம்மா போய்த் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். கூடம் இருட்டியது. மருந்தாளர் ஜன்னலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், ‘இரவு’ என்று எழுதிக்கொண்டார்.

“சரி, என்னமோ பண்ணிக்குங்க. எனக்கு வேற வேலை இருக்கு” என்று இயக்குநர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“பதினஞ்சாம் விதி சார். தொடங்கும்போது அறையில் இருந்தவர்கள் முடியும்வரை வெளியே போகக் கூடாது.”

“எத்தனை நேரம்?”

“எட்டு மணி நேரம். மெதுவாப் பேசுங்க சார். அவர் முழிச்சுட்டா அதுக்கும் படிவம் ஒன்பதுதான்.”

அந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றில் இயக்குநர் எட்டு மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். முதல் மணி நேரத்தில் அவர் முகம் சிவந்தது. இரண்டாம் மணி நேரத்தில் தும்மல் ஒன்று வந்து, சதவீதம் பாய்ந்து அவர் மூக்கைப் பிடித்துக் காப்பாற்றினார். பதினோரு மணி வாக்கில் பேச்சை அடக்க முடியாமல் மிச்ச உரையைத் தாளில் எழுத ஆரம்பித்தார். எழுதியதை ஒவ்வொரு பக்கமாக மேசைமேல் தள்ளினார், மற்றவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் மருந்தாளர் பதிவேட்டின்மேல் கவிழ்ந்தார். ஐந்தாம் பக்கத்தில் சதவீதம். ஒன்பதாம் பக்கத்தை எழுதிவிட்டுத் திருத்தம் பார்க்க உட்கார்ந்த இயக்குநர், இரண்டாவது பத்தியைத் தாண்டவில்லை.

கூடத்தை ஒட்டிக் கழிப்பறை இருந்தது நல்லதாகப் போயிற்று, தண்ணீர் இழுத்துவிட மட்டும் டாக்டரம்மா யாரையும் அனுமதிக்கவில்லை. இரண்டே காலுக்கு டிரைவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டெப்போ. டாக்டரம்மா அதை எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “பேஷண்டுக்கு மருந்து ஏறிட்டு இருக்கு” என்றார்.

“அவ்ளோ சீரியஸா?” என்றது டெப்போ.

“எட்டு மணி நேரம் ஏத்தணும். ஏழு நாளைக்கு.”

டெப்போ, “பாவங்க, நல்ல மனுஷன்” என்று சொல்லிவிட்டு, ஸ்கூல் வண்டிக்கு வேறு ஆள் போடுவதாகவும் சொன்னது.

கால் மணிக்கு ஒரு முறை அவதானிப்பு எழுத வேண்டும், எழுதும் டாக்டர் கண்டிப்பாகத் தூங்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. டாக்டரம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு எழுதினார். 11.30: தூங்குகிறார். 11.45: தூங்குகிறார். 12.00: நன்றாகத் தூங்குகிறார். ஒரு மணிக்கு டிரைவரின் நாடியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் தடதடவென்று ஓடிய நாடி இப்போது நிதானமாக நடந்துகொண்டிருந்தது. புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்து, அந்த முகம் பத்து வயது குறைந்து போயிருந்தது. பதினைந்து வருடத்தில் எத்தனையோ சீட்டு எழுதியிருக்கிறார். ஒரு மருந்து இவ்வளவு அழகாக வேலை செய்வதை அவர் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சினால் சத்தம் கேட்கும் என்று கண்ணீரை அப்படியே வழிய விட்டார்.

ஐந்து மணிக்கு மருந்தாளர் விழித்தார். எதிரே நடந்திருப்பதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். சீட்டில் எழுதியிருந்த முதல் வேளை நோயாளியின் கைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை மறுக்க அவரால் முடியாது. கைக்குட்டையை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்து, சத்தமே வராமல் ‘வழங்கப்பட்டது’ என்று முத்திரை பதித்தார். பிறகு நுனிக்காலில் போய், ஏழு நாள் ஓய்வுச் சான்றிதழை அச்சடித்து வந்து மேசைமேல் வைத்தார். திரும்பிப் போகும்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்த சதவீதத்தையும் இயக்குநரையும் மெதுவாகத் தொட்டு எழுப்பி, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். இருவரும் தங்கள் முகம் இப்படி ஏன் தெளிந்திருக்கிறது என்று தெரியாமலே போனார்கள்.

ஐந்து பத்துக்கு டிரைவர் கண் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

“எந்த ஸ்டாப்பும்மா இது?”

டாக்டரம்மா சிரித்தார். சான்றிதழைக் காட்டினார். நடந்ததையும், பதினான்காம் விதியையும், படிவம் ஒன்பதையும் சொன்னார். டிரைவர் எழுந்து முதுகை நெளித்து ஒரு சோம்பல் முறித்தார், எலும்பெல்லாம் வரிசையாக ‘உள்ளேன் ஐயா’ சொன்னன. சான்றிதழை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அப்போதுதான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற டாக்டரம்மாவை நன்றாகப் பார்த்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

“நீங்க எப்பம்மா தூங்கினீங்க?”

“செவ்வாய்க்கிழமைன்னு நினைக்கறேண்ணே.”

“எந்தச் செவ்வாய்க்கிழமை?”

டாக்டரம்மா யோசித்தார். அது உண்மையிலேயே கடினமான கேள்வி.

டிரைவர் அவர் கையிலிருந்த அவதானிப்பு ஏட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். தோளைப் பிடித்து மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். “டூட்டி இருக்கா?”

“நாலு மணிக்கே முடிஞ்சுது. ஆனா அஞ்சரைக்குக் கருத்தரங்கு… களைப்பு ஒழிப்பு… நான் வரலைன்னா…” என்று சொன்ன டாக்டரம்மா, அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

ஐந்தரைக்குக் கதவு படீரென்று திறந்தது. இயக்குநர், புதுச் சட்டையில், புதுத் தெம்பில். “எங்க அந்த டாக்டர்? கருத்தரங்குல எல்லாரும் காத்துட்டு…”

டிரைவர் எழுந்து நின்றார். முப்பது வருடமாக, படியில் தொங்குகிற அறுபது பேரைத் திரும்பிப் பார்க்காமலே ஒரே அதட்டலில் உள்ளே தள்ளிய மனிதர் அவர். உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். இன்னொரு கையால் விதிப் புத்தகத்தைத் திறந்து, பதினான்காம் விதியின்மேல் விரலை ஊன்றி, இயக்குநரின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

“மருந்து ஏறிட்டு இருக்கு சார்” என்றார் மிகவும் மெதுவாக. “படிவம் ஒன்பது, அஞ்சு காப்பி. பேனா கொண்டு வந்திருக்கீங்களா?”

இயக்குநர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக நடந்து போனார். கதவு பூனை மாதிரி மூடிக்கொண்டது.

டிரைவர் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து, டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏட்டில், எழுதிப் பழக்கமில்லாத பெரிய பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்:

5.45. டாக்டரம்மா தூங்குறாங்க.